பக்கத்தில் இருப்பவர்கள்: மேடையேறும் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

பாட்டு கற்றுக்கொண்டு, அரங்கேற்றமும் முடிந்து, இனிமேல் பக்கவாத்தியத்தோடு முழுக் கச்சேரி பாடப்போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சாதகம், பாடாந்தரம், ராகம் பாடும் முறை எல்லாம் உங்கள் குருமார்கள் சொல்லித்தந்திருப்பார்கள். அதில் நான் கை வைக்கவில்லை. வீட்டில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் தனியாகப் பாடியவர்களுக்கு ஓர் எண்ணம் படிந்துவிடுகிறது: கச்சேரி என்றால் நாம் பாடுவது, மற்றவர்கள் நம்மோடு கூட வருவது. இந்த எண்ணத்தோடு மேடையில் உட்கார்ந்தால், பாட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கச்சேரி களைகட்டாது. பக்கத்தில் இருப்பவர்களின் வித்தையை அறிந்து, அதற்கு இடம் கொடுத்து, அதிலிருந்து வாங்கிக்கொள்வதும் சங்கீதத்தின் பாகம்தான். சரளி வரிசையைப் போல அதையும் பழகித்தான் வரவழைக்க வேண்டும்.

1. கச்சேரி ஒப்புக்கொண்ட அன்றே பக்கவாத்தியக்காரர்களை நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள்.

சபாக்காரர் சொல்லிக்கொள்வார் என்று விடாதீர்கள். உங்கள் சுருதி எத்தனை கட்டை என்பதை முதலில் சொல்லுங்கள். வயலினில் தந்தியை ஏற்றலாம், இறக்கலாம். மிருதங்கத்தில் அதற்கு ஓரளவுக்கு மேல் இடமில்லை. ஆண் குரலின் ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு நீளமான தக்கு மிருதங்கம். பெண் குரலின் ஐந்து, ஐந்தரைக்கு நீளம் குறைந்த ஹெச்சு மிருதங்கம். இரண்டும் வேறு வேறு வாத்தியங்கள். கடத்துக்குச் சூளையில் வெந்தபோது என்ன சுருதி அமைந்ததோ அதுதான் சுருதி. கடம் வாசிப்பவர் வீட்டில் வரிசையாகப் பானைகள் இருப்பது அதனால்தான். மோர்சிங்கின் நாக்கில் மெழுகைத் துளி ஒட்டித்தான் சுருதியை இறக்க முடியும். கஞ்சிராத் தோலின் உட்புறம் தண்ணீர் தடவித் தடவி நாதத்தைக் கீழே கொண்டுவர வேண்டும். இவ்வளவு ஏற்பாட்டையும் ஒரு தொலைபேசிப் பேச்சு சுலபமாக்கிவிடும். மேடை ஏறும் நேரத்தில், "தொண்டை சரியில்லை, அரைக் கட்டை குறைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், அன்று முழுவதும் ஒருவர் கூடாத வாத்தியத்தோடு போராட வேண்டியிருக்கும்.

பாடப்போகும் பாட்டையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று என் மாணவிகள் கேட்பதுண்டு. வழக்கமான பாட்டுக்கு வேண்டியதில்லை. மேடையிலேயே தோன்றுகிற சுகத்தை எழுதிவைத்துக் கெடுக்கக் கூடாது. ஆனால் அபூர்வ ராகமோ விவாதி ராகமோ எடுப்பதாக இருந்தால் சொல்லிவிடுங்கள். எடுப்பு தள்ளிவரும் பல்லவி, நடை மாறும் பல்லவி என்றால் கட்டாயம் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு தடவை பாடியும் காட்டுங்கள். இதை மறைத்துவைத்து மேடையில் வெடிப்பதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். வயலின் தடுமாறினால் பாட்டும் சேர்ந்துதான் இறங்குகிறது. ரசிகர்களுக்குக் காதில் விழுவது ஒரே கச்சேரி.

2. சுருதி சேர்க்க நேரம் கொடுங்கள்.

மேடைக்குப் பின்னால் மிருதங்கக்காரர் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பிக்கொண்டிருக்கும்போது, கல்லால் தட்டித் தட்டிக் கண்கள் பதினாறு சுற்றிலும் நாதம் ஒன்றாக வருகிறதா என்று காது வைத்துக் கேட்கும்போது, அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். குளிர்சாதனக் காற்றில் தோல் இறுகும், மழைநாளில் தளரும். விளக்குச் சூட்டில் வயலின் தந்தி இறங்கும். கச்சேரி நடுவில் அவர்கள் மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றால், ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததற்குத் தாவாமல் நிதானமாக இருங்கள். ரசிகர்கள் காத்திருப்பார்கள். சுருதி சேர்ந்த மேடைக்காகக் காத்திருக்க மனமில்லாத ரசிகரை நான் பார்த்ததில்லை.

3. வயலின் வாசிக்கும்போது கேளுங்கள்.

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் இளம் பாடகர்கள் அதிகம் இழக்கிறார்கள். ராகம் பாடி முடித்து வயலினுக்கு விட்டதும் ஃபிளாஸ்க்கைத் திறப்பது, புடவைத் தலைப்பைச் சரிசெய்வது, அடுத்த பாட்டின் சாகித்தியத்தை ஐபேடில் தேடுவது எல்லாம் இப்போது எல்லா மேடையிலும் காண்கிற காட்சி. அந்த ஐந்து நிமிஷத்தில் உங்கள் ராகத்தையே இன்னொரு மனசு எப்படிப் பார்த்தது என்று இலவசமாக ஒரு பாடம் நடக்கிறது.

முதலில், நீங்கள் பாடும்போதே அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுத்து நிற்கிறீர்கள். அவர் அதே ஸ்வரத்தை மெல்லிய வில்லில் பிடித்துக்கொள்கிறார். நீங்கள் மூச்சு வாங்கும் இடத்தில் அந்த வில் ஓடிக்கொண்டிருப்பதால்தான், கேட்பவர்களுக்கு உங்கள் கார்வை அறுபடாமல் நீண்டதாகத் தோன்றுகிறது. ஒரு பிடியை முடித்ததும் ஒரு மூச்சு அளவுக்கு இடம் விட்டால், அவர் அதன் கடைசி வாலை மட்டும் தொட்டு உங்களிடம் திருப்பித் தருவார். இடமே விடாமல் பிருகா மேல் பிருகாவாகக் கொட்டினால் அவர் பின்னாலேயே ஓடி வர வேண்டியதுதான். அதில் அவருக்கும் சுகமில்லை, உங்களுக்கும் ஓய்வில்லை.

பிறகு அவருடைய முறை. தோடி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் காந்தாரத்தைச் சுற்றியே ராகத்தை வளர்த்திருக்கிறீர்கள். அவர் பஞ்சமத்தை விட்டுவிட்டு க ம த நி என்று ஏறி, தைவதத்தில் நின்று, அங்கிருந்து ராகத்தை வேறு முகமாகக் காட்டுகிறார். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் நிரவலில் அந்தத் தைவதத்தை எடுத்துக்கொள்வீர்கள். எடுத்த மாத்திரத்தில் அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். ஆயிரம் தடவை சபாஷ் சொன்னாலும் அந்த ஒரு பிடியை நீங்கள் திருப்பிப் பாடியதற்கு ஈடாகாது. தன் சங்கதி காதில் விழுந்தது, மனசில் தங்கியது, பாட்டில் வந்தது என்று அவருக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு அவர் வாசிப்பே வேறாக இருக்கும். கல்பனாஸ்வரத்தில் பாருங்கள்: உங்கள் கேள்விக்கு அவருடைய பதிலில் ஒரு சின்னக் கோணம் கூடுதலாக இருக்கும், அதைப் பிடித்து நீங்கள் மேலே போவீர்கள்.

வயலின் நம் சங்கீதத்துக்கு வந்தே இருநூறு வருஷம்தான் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக்கொண்ட மேல்நாட்டு வாத்தியம் இன்று குரலுக்கு இத்தனை அருகில் வந்து நிற்கிறது என்றால், திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, துவாரம் வேங்கடசுவாமி நாயுடு என்று தலைமுறை தலைமுறையாக அதைப் பாட வைத்தவர்கள் காரணம். லால்குடி ஜெயராமன் வாசித்த பழைய கச்சேரி ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். சாகித்தியத்தில் சொல் எங்கே பிரிகிறதோ அங்கே வில் திரும்பும். பாட்டின் சொல் தெரியாமல் அப்படி வாசிக்க முடியாது. உங்கள் பக்கத்தில் இருக்கும் இளைஞர் அந்தப் பாட்டைப் பாடம் பண்ணியிருக்கிறார் என்று தெரிந்தால், அதைக் கவனித்தேன் என்று கச்சேரி முடிந்ததும் அவரிடம் சொல்லுங்கள்.

4. மிருதங்கக்காரர் வாசிக்காமல் விட்ட இடத்தையும் கேளுங்கள்.

பாலக்காடு மணி அய்யரைப் பற்றிப் பழைய ரசிகர்கள் பேசினால் அவர் விரல் வேகத்தைச் சொல்வதைவிட, பாட்டில் எந்த இடத்தில் கையை எடுத்துக்கொண்டார் என்பதைத்தான் அதிகம் சொல்வார்கள். அனுபல்லவியில் ஒரு சங்கதி, அதில் சொல் மட்டும் நிற்க வேண்டும். அங்கே ஓர் ஆவர்த்தனம் மௌனம். அடுத்த அடியில் தொப்பியில் ஒரே ஒரு கும்கி. பாட்டின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது போலிருக்கும். இப்படி விட்டு வாசிக்கிறவருக்குப் பாட்டும் தெரியும், பாடுகிறவரின் மூச்சும் தெரியும்.

நீங்கள் அவருக்குச் செய்ய வேண்டியது, தாளத்தைத் தெளிவாகப் போடுவது. மடிக்குக் கீழே விரலை மறைத்துப் போடாதீர்கள். எடுத்த காலப்ரமாணத்தைக் காப்பாற்றுங்கள். அது ஓடிவிட்டால் திரும்பி அவரை முறைக்காதீர்கள். பெரும்பாலும் ஓட்டியவர் பாடியவர்தான். மிருதங்கம் விசுவாசமாகக் கூட வந்திருக்கும். கோர்வையை வைத்து மடக்குவது, எடுப்பு எங்கே என்று தெரியாமல் திணறவிடுவது போன்ற மல்யுத்தத்தை மேடைக்குக் கொண்டுவர வேண்டாம். லயத்தில் விளையாட ஆசையிருந்தால் ஆலத்தூர் சகோதரர்களைக் கேளுங்கள். அங்கே கணக்கு இருக்கும், பாட்டும் குலையாது, மிருதங்கக்காரருக்கும் அது உற்சாகமாக இருக்கும்.

5. தனி ஆவர்த்தனத்தின்போது கச்சேரி உங்கள் கையில் இருக்கிறது.

தனி விட்டதும் தன் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பாடியதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய நேரம் அது. இரண்டு களை ஆதி தாளத்தை, அவர் திஸ்ரத்துக்குப் போனாலும் கண்டத்துக்குப் போனாலும், இம்மி அசையாமல் நீங்கள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் தைரியமாகத் தாளத்தைக் கடந்து போய் வருவதற்கு உங்கள் கைதான் ஆதாரம். நடை மாறும்போது உங்கள் கையும் மெல்ல அந்த நடையோடு சாய்ந்துவிட்டால், அவர் கட்டிக்கொண்டிருந்த கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு உங்களுக்குத் தாளம் காட்ட வர வேண்டியிருக்கும். இதற்குப் பயிற்சி வேண்டும். பழனி சுப்பிரமணிய பிள்ளை, பாலக்காடு ரகு, உமையாள்புரம் சிவராமன் இவர்களுடைய தனிகளை எடுத்துவைத்துக்கொண்டு கூடவே தாளம் போட்டுப் பாருங்கள். முதலில் மோராவுக்கு முன்பே தடுமாறுவீர்கள். விடாமல் போடுங்கள். மிருதங்க வகுப்பு நடக்கும் இடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து சொற்கட்டைக் கேட்பதும் நல்ல பழக்கம்.

தனிக்கு எவ்வளவு நேரம் என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இப்போது கச்சேரிகள் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குச் சுருங்கிவிட்டன. அந்தச் சுருக்கத்தில் முதலில் அடிபடுவது தனிதான். ராகத்தை நீட்டிவிட்டு, கடிகாரத்தைக் காட்டி ஐந்து நிமிஷத்தில் முடிக்கச் சொல்வது அநியாயம். இன்னும் ஒருவர் கடமோ கஞ்சிராவோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அந்த ஐந்து நிமிஷத்தை இருவர் பங்கிட வேண்டும். குறைப்பு என்பதே மிருதங்கமும் கடமும் ஒன்றையொன்று கேட்டுக் கேட்டுச் சுருக்கிக்கொண்டு வருகிற அழகு. அதற்கு இடமில்லாமல் நேராகக் கோர்வைக்குப் போனால் தனியின் உயிரே போய்விடும்.

தனி ஆரம்பித்ததும் சில ரசிகர்கள் கேன்டீனுக்கு எழுந்து போவார்கள். அவர்களை நீங்கள் நிறுத்த முடியாது. ஆனால் உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மிருதங்கத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்து ரசித்தால் அவர்களும் ரசிப்பார்கள். வயலின்காரரோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தால், அங்கே நடப்பது கேட்கவேண்டிய விஷயமில்லை என்று நீங்களே சபைக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

6. கடம், கஞ்சிரா, மோர்சிங் வாசிப்பவர்களின் பெயரும் அழைப்பிதழில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயரில்லாமல் அச்சாகி வந்தால் திருத்தச் சொல்லுங்கள். உபபக்கவாத்தியம் என்று ஒதுக்கிவைக்கும் இந்த வாத்தியங்களின் வரலாறு சாதாரணமானதல்ல. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சிஷ்யர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் மகா வித்வான். அவர் கஞ்சிராவோடும் இளைஞரான மணி அய்யர் மிருதங்கத்தோடும் ஒரே மேடையில் உட்கார்ந்த கச்சேரிகளைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். கடம் உலகமெல்லாம் போனது விக்கு விநாயக்ராமின் கையால். மேடையில் பெயர் சொல்லி அறிமுகம் செய்யும்போது மிருதங்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

7. யார் உங்கள் பக்கத்தில் உட்காரலாம் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்காருவது வழக்கம். அப்போதுதான் வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அவர் நாதம் சபைக்குக் கேட்க வேண்டுமென்றால் இடப்பக்கம் உட்கார வேண்டும். வயலின்காரர் தன் இடத்தை விட்டு வலப்பக்கம் போக வேண்டும். இதற்கு ஒப்பாதவர்களால் அந்த மேதைக்கு ஆரம்ப காலத்தில் வாய்ப்புகள் தட்டிப்போயின. செம்பை வைத்தியநாத பாகவதர் தயங்கவில்லை. வயலினை இடம் மாற்றி உட்காரவைத்து, பழனியைத் தன் கச்சேரிகளில் வாசிக்கவைத்தார். செம்பையின் குரலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவர் முன்னுக்குக் கொண்டுவந்த பக்கவாத்தியக்காரர்களின் வரிசையும் அந்தக் குரலுக்குச் சமமான சாதனை என்பது என் அபிப்பிராயம். பதின்ம வயதுப் பையனாக இருந்த மணி அய்யருக்குச் சென்னையில் வெளிச்சம் கிடைத்ததும் செம்பையின் கச்சேரியில்தான். பழனி மட்டும் ஒதுங்கிப்போயிருந்தால் புதுக்கோட்டை வழி வாசிப்பில் எவ்வளவு பெரிய பங்கை நாம் இழந்திருப்போம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பெண்களின் கதை இன்னும் நீண்டது. பெண் பாடினால் வாசிப்பதில்லை என்று இருந்த காலம் ஒன்று உண்டு. மணி அய்யரும் அப்படித்தான் இருந்தார்; ஆனால் டி.கே. பட்டம்மாளின் லயஞானத்துக்கு வாசிக்க அவரே முன்வந்தார். இரண்டு குடும்பமும் சம்பந்தியாகி, பாடகி நித்யஸ்ரீ அந்த இரண்டு பேருக்கும் பேத்தி என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம். எம்.எல். வசந்தகுமாரி, வயலினுக்குக் கன்யாகுமாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பாடினார். அந்தக் கன்யாகுமாரிக்கு 2016இல் மியூசிக் அகாதமி சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. பெண்ணின் விரலுக்குக் கடம் ஒத்துவராது என்ற பேச்சை மீறி சுகன்யா ராம்கோபால் வந்தார். இன்றைக்கும் பெண் மிருதங்கம் வாசித்தால் தான் கடம் வாசிக்க வரமாட்டேன் என்று சுற்றி வளைத்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேதியில் வேறு கச்சேரி இருக்கிறது என்பார்கள். பாடகர் உறுதியாக இருந்தால் இந்தப் பேச்சு எடுபடாது. ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டு, இன்னொருவர் முகம் சுளித்தார் என்பதற்காக அவளை மாற்றினால், அந்தத் தப்பு உங்களுடையது. பிள்ளைகளே, இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

8. வாத்தியம் செய்தவர்களைப் போய்ப் பாருங்கள்.

பாடகர்களுக்கு இதனால் என்ன என்று கேட்காதீர்கள். ஒரு நாள் மிருதங்கம் மூட்டும் பட்டறையில் போய் உட்காருங்கள். பலாக் கட்டையைக் குடைந்து வைத்திருப்பார்கள். மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் ஒரு மிருதங்கத்துக்கு வேண்டும். எந்தத் தோல் எந்தப் பக்கத்துக்கு, எவ்வளவு கனம் என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார்கள். வலந்தலையில் கறுப்பாக வட்டமாக இருக்கிறதே, அந்தக் கரணையைச் சாதத்தோடு கருங்கல் பொடியைப் பிசைந்து கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு பூச்சையும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிறார்கள். தேய்க்கும்போதே தட்டிப் பார்த்து, நாதம் எங்கே மங்குகிறது என்று கேட்கிறார்கள். அந்தக் காதுக்கும் வித்வானின் காதுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

மணி அய்யரின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து இருந்தார். வித்வான் கேட்ட நாதத்தைத் தோலிலும் வாரிலும் தேடிக் கொடுத்தவர் அவர். பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் இந்த வேலையைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். நம் மேடைக்கு இத்தனை தந்தவர்களை மேடைக்கு அருகில்கூட வரவிடாமல் வைத்திருந்தோம் என்பதை அதைப் படித்தால் உணர்வீர்கள். அதே போல மானாமதுரை. அந்த ஊர் மண்ணில் செய்யும் கடத்துக்கு ஒரு கனத்த நாதம் உண்டு. கடம் செய்வதற்காகவே மீனாட்சி கேசவன் என்ற அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் வந்தது. மதுரைப் பக்கம் கச்சேரிக்குப் போனால் கொஞ்சம் நேரம் ஒதுக்கி மானாமதுரைக்குப் போய்விட்டு வாருங்கள். திரும்பி வந்து கடம் கேட்கும்போது காது வேறாக இருக்கும்.

9. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

எம்.எஸ். சுப்புலட்சுமி 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோதும், அதற்கு முன்னும் பின்னும் பல வருஷங்களும், பக்கத்தில் ராதா விஸ்வநாதன் குரல் கொடுத்தார். அந்த இரண்டாவது குரல் எங்கே சேர்கிறது, எங்கே ஒதுங்குகிறது என்று கவனித்துக் கேளுங்கள். தானாகக் கச்சேரி பாடக்கூடியவர் தன் குரலை இன்னொரு குரலுக்குள் வைத்துப் பாடுவது தனி வித்தை. உங்களுக்குப் பின்பாட்டு பாடும் சிஷ்யையோ தோழியோ இருந்தால், ஒரு சங்கதியையாவது அவளிடம் விட்டுவிட்டு நீங்கள் நிறுத்துங்கள்.

தம்புரா போடும் பிள்ளையின் பெயரை மேடையில் சொல்லுங்கள். கைபேசியில் சுருதி வந்துவிட்ட காலத்திலும் இரண்டு மணி நேரம் முதுகு சாயாமல், ஒரே சீராக, யார் கண்ணிலும் படாமல் மீட்டிக்கொண்டிருப்பது சுலபமில்லை.

10. சபாஷை அளந்து சொல்லுங்கள்.

ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் தலையாட்டினால் மதிப்பில்லை. நிஜமாகவே மனசைத் தொட்ட இடத்தில் தானாக வரும் ஒரு "ஆகா" போதும். அவர்களும் உங்களுக்குச் சபாஷ் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள்.

11. மற்றவர்களின் கச்சேரிக்குப் போய்க் கடைசிவரை உட்காருங்கள்.

டிசம்பர் சீசனில் தங்கள் கச்சேரி தவிர வேறு எதையும் கேட்காமல் ஓடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். உங்கள் வயதுக்காரர் பாடும்போது போய் உட்காருங்கள். மங்களம் முடிந்தபின் உள்ளே போய், எது பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "ரொம்ப நன்றாக இருந்தது" என்பது யாருக்கும் உபயோகமில்லை. "காம்போதியில் சரணத்தில் அந்த நிஷாதத்தை நீ விட்டுப் பிடித்தாயே" என்று சொன்னால், அது அவளுக்கு ஒரு வருஷத்துக்குப் போதும்.

பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தோடி அக்காலத்துப் பாடகர்களுக்கெல்லாம் பாடமாக இருந்தது. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களில் நாதஸ்வரத்தின் சாயல் இருப்பதைக் கேட்டவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி போன்றவர்களின் தவிலைக் கேளாமல் லயத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் இன்றைய இளம் பாடகர்களில் கோயில் திருவிழாவில் நின்று மல்லாரி கேட்டவர்கள் எத்தனை பேர்? கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் ராகம் வாசிக்கும்போது பந்திக்கு எழுந்து போகாமல் அவர் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். யாராவது ஒருவர் கேட்கிறார் என்று தெரிந்தால் அவர் வாசிப்பு எப்படி மலர்கிறது என்று பாருங்கள்.

12. பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

உங்கள் சன்மானத்தைப் பேசும்போதே பக்கவாத்தியக்காரர்களுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பது உங்கள் வேலையில்லை என்று அமைப்பாளர் சொன்னாலும் கேளுங்கள். வெளியூரில் ஒரு கச்சேரி; எனக்கு நல்ல விடுதி, கடம் வாசித்த பையனுக்கு மண்டபத்து மாடியில் ஒரு பாய். விசாரித்தபோது, அப்படித்தான் வழக்கம் என்றார்கள். அந்த வழக்கம் யாரோ ஒரு பாடகர் கேட்காமல் விட்டதால் உண்டானது. நீங்கள் கேட்டால் மாறும். நாலு பேருக்கும் ஒரே வகுப்பு ரயில் டிக்கெட், ஒரே விடுதி, ஒரே நேரத்தில் சாப்பாடு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வயலினையும் மிருதங்கத்தையும் வண்டியில் எங்கே வைப்பது என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். பானையைக் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். ஒலிப்பதிவு விற்பனையாகிறது, யூடியூபில் வருகிறது என்றால், அதில் வரும் வருமானத்தில் அவர்களுக்கு என்ன பங்கு என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவின் தலைப்பில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் போதாது. கீழே இருக்கும் குறிப்பில் எல்லோருடைய பெயரும் வாத்தியமும் பிழையில்லாமல் வர வேண்டும்.

கச்சேரி முடிந்ததும் சபாக்காரர் உறையைக் கொடுப்பார். பக்கவாத்தியக்காரர்களுக்குக் கொடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு அதை வாங்கிக்கொள்ளுங்கள். தம்புரா போட்ட பிள்ளைக்கு உறை இருக்காது. அதை நீங்கள் தயாராகக் கொண்டுபோயிருக்க வேண்டும்.